பாதிக்கு மேலேயே நின்ற முள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்தேன். பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், திரும்ப மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவன். கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவேனோ என்று ஒரு பயம். செத்துப்போனவர்களின் காரியத்தில் பெட்ரோல் வாடையைக் கலப்பதா என்று ஒரு கூச்சம். போன ஆடி வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் கற்பகத்தம்மா சந்நிதியில் நின்றபோது, நடந்ததை நடந்தபடி எழுதினால் என்ன தப்பு என்று தோன்றியது. அந்த இடத்தில் தோன்றியதால் அவள் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு சின்ன ஃபைபர் படகு இருக்கிறது. பின்னால் மோட்டார், நடுவில் ஸ்டியரிங், முன் பலகைக்கு அடியில் தகரத்தில் செய்த பெட்ரோல் டேங்க். அடையாறு ஆற்றில் ஆகாயத்தாமரையும் குப்பையும் வாருவதுதான் பிழைப்பு. ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை. சைதாப்பேட்டைப் பக்கம் ஆரம்பித்துத் திரு.வி.க. பாலம் தாண்டி வருவோம். விடிந்தும் விடியாமலும் இருக்கிற நேரத்தில் அந்த ஆற்றைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது வேறு ஆறு. நாற்றம்கூட அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர்மேல் புகை மாதிரி ஒன்று படுத்திருக்கும். அதற்குள் கொக்குகள் நிற்கும், கால் தெரியாது. வாடிய மாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வரும். கண்ணாடி உடைந்த சாமி படங்களும் வரும். அவற்றை மட்டும் குப்பையோடு சேர்க்க மனம் வராது. தனியே எடுத்துக் கரையில் அரசமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டுப் போவேன்.

ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பெட்ரோல் மீட்டர். வட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள். அந்த முள் பாதிக்கு மேலே ஒரு இடத்தில் நிற்கும். டேங்க்கை வழிய வழிய நிரப்பினாலும் அங்கேதான். நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்தாலும் அங்கேதான். சுவரில் மாட்டிய படம் மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. நான் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு, நனைந்த உயரத்தைப் பார்த்துக் காலம் ஓட்டினேன்.

இங்கே என் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவி எதையும் 'இல்லை' என்று சொல்ல மாட்டாள். உப்பு தீர்ந்துவிட்டால், "உப்பு நெறைஞ்சு கீது, வாங்கியா" என்பாள். அரிசிப் பானையின் அடியில் எப்போதும் ஒரு பிடி கிடக்கும். இதெல்லாம் அவள் அம்மாவிடமிருந்து வந்தது. என் மாமியார் மயிலாப்பூர் குளத்தோரம் பூ விற்றவர். கூடையில் கடைசி முழத்தை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார். வெறும் கூடையோடு வாசல்படி ஏறக் கூடாது என்பார். படகை முதல் முதலாகத் தண்ணீரில் இறக்கிய அன்று, டேங்க்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு என் மனைவி சொன்னாள்:

"இதுவும் நம்ம வீட்டுப் பானதான்யா. எப்பவும் காலியாவ வுடாத."

நானும் விட்டதில்லை. குறையக் குறைய ஊற்றிக்கொண்டே வந்தேன்.

என் மாமியார் போய்ச் சேர்ந்தது சைதாப்பேட்டையில், ஆற்றோரத்து வீட்டில். படுக்கையில் கிடந்தபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் பொறந்ததுலேர்ந்து இந்த ஆத்தப் பாத்துகினு கீறேன். அது போயி கடல்ல சேர்ற எடத்த மட்டும் பாக்கல. என்ன அங்க கொண்டு போயி வுட்டுடு. நீ வா. வேற யார் கையிலயும் குடுத்து அனுப்பிடாத."

மகள் சரி என்று சொல்லிவிட்டாள். சொன்னது சொன்னதுதான்.

தகனம் முடிந்து, மறுநாள் காலை பால் தெளித்து அஸ்தி எடுப்பது என்று ஆயிற்று. எடுத்த அஸ்தி வீட்டுக்குள் வரக் கூடாது. நேராகப் படகுக்கு வந்து முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். அந்த இடம் எனக்குத் தெரியும். மணல்திட்டுக்கு நடுவே ஆறு குறுகி, ஒரே மூச்சில் கடலுக்குள் பாயும். கடல்நீர் ஏறி நிற்கிற நேரத்தில்தான் படகு அதைத் தாண்ட முடியும். அங்கே மோட்டார் நின்றுவிட்டால் இழுப்பு நம்மைக் கொண்டுபோய் அலைக்குள் போட்டுவிடும்.

மோட்டார் நின்றுவிடுமோ என்று பயப்படக் காரணமும் இருந்தது. சில வாரங்களுக்கு முன் பாலத்துக்கடியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் இருமி இருமி நின்றுபோனது. முள் பாதிக்கு மேல் காட்டியது. குச்சியை விட்டேன், ஒரு சாண் நனைந்தது. பெட்ரோல் இருக்கிறதே, பிறகு ஏன் நின்றது என்று புரியவில்லை. கழி ஊன்றிக் கரை சேர்ந்து, புதுப் பெட்ரோல் ஊற்றியதும் ஓடியது. ஏதோ சாமி காப்பாற்றினார் என்று விட்டுவிட்டேன். இப்போது மாமியாரின் அஸ்தியோடும் மனைவியோடும் போக வேண்டும் என்றதும் அந்த நினைப்பு திரும்ப வந்தது.

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கே.கே. நகரில் இரு சக்கர வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறவன். சாவு வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவனை அன்று மதியம் படகுக்கு இழுத்து வந்தேன். மின்சாரத்தில் கை வைக்கப் பயப்படாதவன், தண்ணீர் என்றால் நடுங்குவான். கரையில் கட்டிப்போட்ட படகில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"கட்டிப்போட்ட படகுலயே இப்டி உக்காந்தா நாளைக்கு இன்னா பண்ணுவ மச்சான்?"

"நாளைக்குக் கதய நாளைக்குப் பேசலாம் மாமா. இப்ப இத்த ஆட்டாத நீ." பிறகு மீட்டரைப் பார்த்தான். "இன்னா மாமா இது, செல மாதிரி நிக்குது?"

"அது எப்பவும் அப்டித்தான்."

"எப்பவுமா? இத்த நம்பியா எங்கம்மாவ கடலுக்கு இட்டுகினு போற?"

"குச்சிய நம்பி."

"நல்லா வந்து வாச்சாரு எங்கக்காக்கு" என்று ஆற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மீட்டர் பலகையைக் கழற்றினான்.

டேங்க்கிலிருந்து வருகிற ஒயரை மீட்டரிலிருந்து பிரித்தான். முள் மெல்லச் சரிந்து அடியில் போய்ப் படுத்தது. அந்த இடத்தில் இன்னொரு ஒயரை மாட்டி, அதன் நுனியை பேட்டரியின் நெகட்டிவில் தொட்டான். முள் எழுந்து, நிறைவு என்று கோடு போட்ட இடம்வரை போய் நின்றது. அத்தனை வருடத்தில் அது நகர்ந்து நான் பார்த்ததில்லை. வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியது. நூல் மாதிரி அந்த ஆரஞ்சு முள் ஏறுவதும் இறங்குவதும், தூங்குகிற குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவது மாதிரி இருந்தது. இன்னொரு தரம் தொடச் சொன்னேன். தொட்டான். இன்னொரு தரம் என்றேன்.

"வெளயாடறதுக்கா மாமா வந்தேன்? தோ பாரு, மீட்டரு நல்லா கீது. அந்தண்ட டேங்க்கு வரைக்கும் ஒயரும் பாத்துட்டேன், நல்லா கீது. சீக்கு டேங்க்குக்குள்ள கீது."

உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னான். ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பி அசைவதைத்தான் மேலே முள் காட்டும். அந்தக் கம்பி எங்கேயோ இறுகிப்போயிருக்கிறது.

"கயட்டிப் பாத்துடலாம். ஆனா டேங்க்க சுத்தமா காலி பண்ணணும். ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

மோர் எடுத்துக்கொண்டு கரையில் இறங்கி வந்த என் மனைவியின் காதில் இது விழுந்துவிட்டது.

"எத்த காலி பண்ணணும்?"

"டேங்க்க, அக்கா."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எங்கள் இரண்டு பேரையும் அடித்தது.

"வீட்ல வெளக்கு ஏத்தக் கூடாது. சாமிக்குப் பூ வெக்கக் கூடாது. அம்மா படுத்த எடம் வெறுமனே கீது. இப்ப இத்தயும் காலி பண்ணணுமா? அப்ப நம்மகிட்ட எதுதான்டா நெறைஞ்சிருக்கும்?"

மச்சான் திருப்புளியைக் கீழே வைத்தான். நான் ஆற்றைப் பார்த்தேன். பாலத்தின்மேல் வண்டிகள் போகிற சத்தம், எங்கேயோ மெட்ரோ ரயிலுக்குத் தோண்டுகிற சத்தம், எல்லாம் தண்ணீர்மேல் விழுந்து அமுங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆகாயத்தாமரைக் கொத்து ஊதாப் பூவோடு மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனது. கழற்றாவிட்டால் நாளை அவளைக் கூட்டிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போக எனக்குத் துணிவில்லை. கழற்றினால் அவள் மனம் உடையும். அவள் அம்மா கேட்டதைச் செய்வதற்கு அவள் அம்மா சொல்லிக்கொடுத்ததை மீற வேண்டியிருந்தது. இதில் யாரிடம் போய் வழி கேட்பது?

அவள் எழுந்து மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

"அக்கா கோச்சிகினு போறா மாமா. போயி கூப்டு."

"உன் அக்காதானே, நீ போ."

"உன் பொண்டாட்டிதானே, நீ போ."

இப்படியே நாங்கள் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. இடுப்பில் ஈரத்துண்டு.

"அரிசிப் பானையக் கழுவறப்ப அம்மா இன்னா பண்ணும்? ஒரு பிடிய முந்தானையில முடிஞ்சிகினுதான் கழுவும். முந்தானையில அரிசி கீறப்ப வீட்ல அரிசி இல்லன்னு யாராச்சும் சொல்ல முடியுமா? இதுல கொஞ்சம் ஊத்துங்க. நான் வெச்சிகினு உக்காந்திருக்கேன்."

"அக்கா, அது நீ காபி வாங்குற தூக்கு."

"எனக்குத் தெரியாதா? ஊத்துடா."

ஊற்றினோம். அவள் தூக்கை மூடி, ஈரத்துண்டால் சுற்றி, எங்களிடமிருந்து தள்ளிப் போய் மரத்து நிழலில் மடியருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மச்சான் பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து சிகரெட்டை எடுத்தான்.

"டேய்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கொக்கு பறந்துபோனது. "அம்மா கூடவே போவணும்னு ஆசையா உனுக்கு?"

"இல்லக்கா, சும்மா எடுத்துப் பாத்தேன்."

குழாய் விட்டு மீதிப் பெட்ரோலைக் கேன்களில் இறக்கினோம். முதலில் தெளிவாக வந்தது. போகப் போக நிறம் மாறி, கடைசியில் சிவப்பாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. பெட்ரோலே இல்லை, தண்ணீர். துருத் தண்ணீர்.

"இன்னா மாமா, டேங்க்குல கஷாயம் வெச்சிகினு கீறியா?"

அப்போதுதான் எனக்குப் பாலத்துக்கடியில் மோட்டார் நின்றது புரிந்தது. கடல்காற்றின் ஈரம், மழை, மூடி திறந்து திறந்து நான் விட்ட குச்சி, எல்லாம் சேர்ந்து உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. தண்ணீர் அடியில் போகும், பெட்ரோல் மேலே மிதக்கும். டேங்க்கைக் காலி செய்ததே இல்லையென்பதால் அந்தத் தண்ணீர் வெளியேறவே இல்லை. என் குச்சி ஒரு சாண் நனைந்ததே, அதில் பெரும்பகுதி இதுதான். கம்பி அசைகிற மூட்டிலும் துரு பிடித்து, மிதவை ஒரே உயரத்தில் இறுகி நின்றிருக்கிறது. கம்பியை வெளியே எடுத்தபோது கருவாடு மாதிரி விறைத்திருந்தது.

அவள் தூக்கை நிழலில் வைத்துவிட்டு வந்து பார்த்தாள். அந்தச் சிவப்புத் தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் யோசிப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அம்மா ஒரு பிடி வெக்கும். ஆனா பானையக் கழுவும். நாம பிடிய வெச்சோம், கழுவல."



டேங்க்கை அலசித் துணியால் ஒற்றி எடுத்தேன். மச்சான் துருப்பிடித்த அந்த மூட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கம்பி தானாக விழுகிற அளவுக்கு இளக்கினான். ஒயரை மாட்டி, அக்கா கையில் கம்பியைக் கொடுத்தான். அவள் கரையில் நின்றுகொண்டு மிதவையைத் தூக்கினாள். நான் படகில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏறுதா?"

"ஏறுது."

"இப்ப?"

"எறங்குது. மெதுவா. ஆங், அடியில போயிடுச்சு."

அவள் கை எவ்வளவு மெதுவாகப் போனதோ அவ்வளவு மெதுவாக முள்ளும் போனது. தலைநிமிராமலே அவள் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. சாயங்கால வெயில் தண்ணீரில் உடைந்து படகுக்குள் வந்து ஆடியது. சாவு வீட்டிலிருந்து வந்த மூன்று பேர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் இரண்டு மூன்று தரம் ஏற்றி இறக்கினாள், பரிசோதனைக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியதும், "என்னுத மொதல்ல ஊத்துங்க" என்று தூக்கை நீட்டினாள். ஊற்றினேன். அவள் மீட்டர் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அசையலையே!"

"அக்கா, இத்துனூண்டுக்கு அசைஞ்சா அது பழையபடி பொய் சொல்ற மீட்டரு" என்றான் மச்சான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா போனபிறகு அவள் சிரித்தது அப்போதுதான். பிறகு புதுப் பெட்ரோல் கேன் கேனாக ஊற்றினோம். முள் படுக்கையிலிருந்து எழுவது போல எழுந்து, நிறைந்த இடத்தில் நின்றது. வீட்டு வாசலில் கால் கழுவியபோது கோயில் பக்கம் பார்த்துக் கைகூப்பினேன். தீட்டு நாள்தான், ஆனாலும் தூரத்திலிருந்து கும்பிடுவதற்கு யார் தடை?

மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளித்து, அஸ்திக் கலயத்தை வெள்ளைத்துணியில் கட்டி நேராகப் படகுக்கு வந்தார்கள். பொம்பளைகள் வருகிற வழக்கம் இல்லையே என்று சொந்தக்காரர் ஒருவர் இழுத்தார். "எங்கம்மா கூப்ட்டது எங்கக்காவ. நான் சும்மா தொணைக்கு வரேன்" என்று மச்சான் முடித்துவிட்டான். அவள் முன்னால் கலயத்தோடு உட்கார்ந்தாள். நான் நடுவில். மச்சான் எனக்குப் பின்னால் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

பாலம் தாண்டியதும் ஆறு அகன்றது. இடப்பக்கமும் வலப்பக்கமும் கரைகள் பின்வாங்கின. மரக்கூட்டம் பச்சைச் சுவராக நின்றது. உடைந்த பழைய பாலத்தின் தூண்கள் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தன. தண்ணீருக்கு நிறமே இல்லை, வானத்துக்கும் இல்லை. எது முடிந்து எது ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் நடுவில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். கடலின் சத்தம் முதலில் வந்தது, பிறகு வாசம், கடைசியில்தான் கடல். மீட்டரைப் பார்த்தேன். படகு அசைய அசைய முள்ளும் அசைந்தது. பழைய நாளில் அது ஆடியதே இல்லை. உயிர் இருக்கிறது என்று பட்டது.

மணல்திட்டைத் தாண்டி, அலை உடைகிற வரிசைக்கு இந்தப் பக்கம், ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால் மோட்டாரை அணைக்கவில்லை. இழுப்பை எதிர்த்து அதை ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் படகு ஒரே இடத்தில் நிற்கும். நிற்பதற்கும் பெட்ரோல் செலவாகும்.

"இங்கதான்" என்றேன்.

அவள் துணியை அவிழ்த்தாள். கலயத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் கொண்டுபோனாள். அப்படியே வைத்துக்கொண்டாள். கை வரவில்லை. அலை ஒன்று வந்து படகைத் தூக்கி இறக்கியது. இன்னொன்று வந்தது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதும் இல்லை.

"மாமா" என்று மச்சான் என் முதுகில் முணுமுணுத்தான். "பெட்ரோலு இன்னா கீது? எவ்ளோ நேரம் இப்டி நிக்கலாம்?"

பார்த்தேன். முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆடி ஆடி நின்றது. பாதிக்கு நல்ல மேலே. அந்த இடத்தில்தான் அது வருடக்கணக்காகச் செத்துக் கிடந்தது. இன்றைக்கு அங்கே உயிரோடு நின்றது.

"இருக்கு" என்றேன். "அவ பொறுமையா செய்யட்டும். எவ்ளோ நேரம் ஆனாலும் சரி."

பழைய மீட்டராக இருந்திருந்தால், சீக்கிரம் விடும்மா, சீக்கிரம் என்று கத்தியிருப்பேன். அவளும் பதறிக் கவிழ்த்திருப்பாள். அன்று நான் அவளுக்குக் கொடுக்க முடிந்தது நேரம் ஒன்றுதான். அதை முழுசாகக் கொடுத்தேன்.

சட்டையைப் பிடித்திருந்த கை விட்டது. திரும்பிப் பார்த்தால் மச்சான் படகின் அடியில் மண்டியிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தவழ்ந்து முன்னால் போய்க்கொண்டிருந்தான். அக்கா பக்கத்தில் போய்க் கலயத்தின் அடியில் கை கொடுத்தான். இரண்டு பேருமாகச் சாய்த்தார்கள். சாம்பல் தண்ணீர்மேல் விரிந்தது. ஒரு கணம் அப்படியே நின்று, ஆறு போகிற பக்கம் நீளமாக நீண்டு, பிறகு எது சாம்பல் எது நுரை என்று தெரியவில்லை. "போயிட்டு வாம்மா" என்று அவன்தான் முதலில் சொன்னான். அவள் கலயத்தையும் விட்டுவிட்டு, கைகளைக் கடல்நீரிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். முள் மெல்ல இறங்கிக்கொண்டு வந்தது. நான் மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருந்தேன். அவளே கையை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டு, "திருப்புய்யா" என்றாள்.

கரைக்கு வந்த சில நாளிலேயே கதை மாறிவிட்டது. கிழவி வந்து முள்ளைத் தூக்கிப் பிடித்தாள் என்று ஒருத்தர். காலி டேங்க்கில் போய்த் திரும்பி வந்தார்கள் என்று இன்னொருத்தர். என் மனைவி கேட்டுவிட்டு அழுதாள். அதனாலும்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். நான் சாமியை நம்புகிறவன். அன்று அவர் எங்களோடு இருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் துருவைச் சுரண்டியது என் மச்சானின் கை. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்வதற்கு இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

ஆகையால் படிக்கிற உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். இதை வேறு யாருக்காவது சொன்னால் நல்லது, சொல்லுங்கள். சிவப்புத் தண்ணீரையும் சொல்லுங்கள், என் மனைவி கேட்ட கேள்வியையும் சொல்லுங்கள், முள் அசையாத இடத்தில் அசையவில்லை என்றே சொல்லுங்கள். அந்த அம்மா தன் வாழ்நாளில் ஒரு முழம் பூவைக்கூட அளவு குறைத்தோ கூட்டியோ விற்றவர் இல்லை. அவரைப் பற்றிய பேச்சும் அளவு மாறாமல் கைமாற வேண்டும்.